பீரங்கிச் சத்தமும் பத்துப் பாகத் தண்ணீரும்

ராயப்பேட்டை வட்டாரம் – வரலாற்றுத் தொடர்: 23

எங்கள் வீடு ஜாம்பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. ராயப்பேட்டை மணிக்கூண்டிலிருந்து மெரினா மணலுக்கு நேர்க்கோடு போட்டால் இரண்டு கிலோமீட்டர் தேறும். ஆனாலும் பகலில் அந்தப் பக்கம் கடல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் மட்டும், தெரு அடங்கி வெஸ்லி சர்ச் பக்கத்து நாய்களும் ஓய்ந்த பிறகு, மொட்டைமாடிக்கு ஓர் இரைச்சல் வந்து சேரும். லாரி தூரத்தில் மேடு ஏறுவதுபோல இருக்கும். ஆனால் லாரி கடந்து போய்விடும், இது போகாது. "கடல் கத்துது. துணியெல்லாம் உள்ள எடுத்து வெய்யி" என்பாள் ஆயா. பெரும்பாலும் விடிவதற்குள் மழை வந்துவிடும்.

ஆயாவுக்கு அது மழையின் அறிகுறி. எனக்கு அப்போது புரியாத விஷயம் வேறு. கடல் தினமும்தான் இரைகிறது. சித்திரையில் ஏன் வீட்டுக்கு வருவதில்லை?

சென்ற இதழில் எம்டன் கப்பலைச் சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு முடித்தேன். 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு, கரையிலிருந்து ஏறத்தாழ 3,000 கெஜ தூரத்தில் விளக்கை அணைத்துக்கொண்டு வந்து நின்ற ஜெர்மன் கப்பல் அது. சுமார் 130 குண்டுகள் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சுட்டு முடித்ததும் வந்த வழி தெரியாமல் போய்விட்டது. அதைப் படித்த நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "ஏங்க, அவ்வளவு பெரிய கப்பல் கரைகிட்ட வருது. ஒரு சத்தமும் கேக்கலையா யாருக்கும்?"

சாதாரணக் கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்லப் போனால் நுங்கம்பாக்கத்தில் ஆரம்பித்து, ஜெனீவா ஏரி வழியாக, மட்டக்களப்பு வாவியில் துடுப்பைக் காதில் வைத்துக் கேட்டு, பள்ளிக்கரணையில் வந்து இறங்க வேண்டியிருக்கிறது. இந்த இதழ் முழுக்க அந்தப் பயணம்தான்.

அண்ணா, காமராஜர், எம்.ஜி.ஆர்., கலைஞர் ஆகியோரின் உடல்களை மக்கள் அஞ்சலிக்கு வைத்த ராஜாஜி ஹாலை எல்லோருக்கும் தெரியும். ராயப்பேட்டையிலிருந்து நடந்தே போகலாம். திப்புவை வென்றதற்கும் பிளாசியில் வென்றதற்கும் நினைவாக, கவர்னர் எட்வர்டு கிளைவ் காலத்தில் எழுந்த கட்டடம், 1802இல் முடிந்தது. அதை வடிவமைத்தவர் ஜான் கோல்டிங்ஹாம். அவருடைய முக்கியமான வேலை கட்டடம் கட்டுவது அல்ல. நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வுக் கூடத்துக்கு அவர்தான் பொறுப்பு. இன்றைக்குக் கல்லூரிச் சாலையில் வானிலை ஆய்வு மையம் இருக்கிறதே, "அடுத்த 24 மணி நேரத்துக்கு" என்று தொலைக்காட்சிக்குச் செய்தி வரும் இடம், அதே வளாகம். 1792இல் நட்ட கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது. தமிழிலும் அதில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள்.

வானத்தைப் பார்க்க வேண்டிய அந்த மனிதர் 1820, 1821ஆம் ஆண்டுகளில் பூமியிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் தினமும் பீரங்கி வெடிப்பார்கள். பரங்கிமலைப் பாசறையிலும் வெடிப்பார்கள். ஊருக்கு நேரம் சொல்வதற்காக. நுங்கம்பாக்கம் இந்த இரண்டுக்கும் நடுவில். கோட்டை ஏறத்தாழ 14,000 அடி தூரம். மலை 29,500 அடிக்குச் சற்று அதிகம். கூடத்தின் மேலே நின்று, பீரங்கி வாயில் வெளிச்சம் தெரிந்ததும் எண்ண ஆரம்பித்து, சத்தம் காதில் விழுந்ததும் நிறுத்த வேண்டும். வெளிச்சம் வந்து சேர நேரமே ஆகாது. ஆக, எண்ணியது முழுக்கச் சத்தம் நடந்து வந்த நேரம். மலைச் சத்தம் வர ஏறக்குறைய 26 விநாடி. ராயப்பேட்டை மணிக்கூண்டு இன்று நிற்கும் இடத்தில் அன்று யாராவது நின்றிருந்தால், கோட்டைச் சத்தம் அவருக்குப் பத்துப் பதினொரு விநாடியில் வந்திருக்கும்.

ஒரு நாள் அளந்துவிட்டு வேறு வேலைக்குப் போயிருக்கலாம். அவர் மாதக்கணக்காக அளந்தார். ஒவ்வொரு முறையும் காற்றின் வெப்பம், அழுத்தம், ஈரம், காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்று எல்லாவற்றையும் குறித்தார். 1823இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அந்தக் கட்டுரை வந்தது. அதில் என்னைப் பிடித்து நிறுத்தியது மாதவாரிச் சராசரி. டிசம்பர், ஜனவரியில் சத்தத்தின் வேகம் விநாடிக்குச் சுமார் 1,100 அடி. ஜூலையில் அது 1,160 அடியைத் தாண்டுகிறது. அதே பீரங்கி, அதே காது, அதே தூரம். மாதம் மட்டும் வேறு.

சூடான காற்றில் சத்தம் வேகமாகப் போகும் என்பது உண்மை. ஆனால் சென்னையில் மார்கழிக்கும் ஆடிக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் பத்துப் பன்னிரண்டு அடியைத்தான் விளக்கும். பாக்கி எங்கிருந்து வந்தது? வரைபடத்தைப் பாருங்கள். பரங்கிமலை நுங்கம்பாக்கத்துக்குத் தென்மேற்கில் இருக்கிறது. ஆடியில் தென்மேற்குக் காற்று மலைச் சத்தத்தை முதுகில் தள்ளிக்கொண்டு வரும். மார்கழியில் வாடை எதிரே நின்று பிடிக்கும். கொஞ்சம் காற்று, கொஞ்சம் வெப்பம், கடிகாரம் பிடித்த கையின் பிழை கொஞ்சம். இவை சேர்ந்ததுதான் அந்த அறுபது அடி என்பது என் கணிப்பு. பிழையைக் கழித்துவிட்டாலும் அந்தப் பட்டியலின் பெருமை குறையாது. சத்தத்துக்கு ஒரு வேகம் என்று பாடப்புத்தகத்தில் ஓர் எண் போட்டு வைத்திருக்கிறோம். அதற்குப் பஞ்சாங்கம் வேண்டும் என்று காட்டியவர் நம் ஊரில் உட்கார்ந்திருந்தார்.

கோல்டிங்ஹாம் பார்த்தது காற்றில் வரும் சத்தம். ஐந்தாண்டு கழித்து, 1826இல், ஜெனீவா ஏரியில் கொலடோன் என்ற சுவிஸ்காரரும் ஸ்டூர்ம் என்ற கணித அறிஞரும் இதே வேலையைத் தண்ணீருக்குள் செய்தார்கள். ஒரு படகில் மணியைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு அடிப்பது. அடிக்கிற அதே கணத்தில் மேலே வெடிமருந்து பற்றி வெளிச்சம் காட்டுவது. 13 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தில் இன்னொரு படகில், நீண்ட குழாய் ஒன்றின் வாயைத் தண்ணீரில் அமிழ்த்தி, மறுமுனையில் காதை வைத்துக் கொலடோன் கேட்டார். வெளிச்சம், எண்ணிக்கை, சத்தம்: கோட்டைப் பீரங்கி முறையேதான். கிடைத்த விடை விநாடிக்கு 1,435 மீட்டர். காற்றில் போவதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். அந்த ஏரித் தண்ணீர் குளிர்ந்தது, உப்பில்லாதது. நம் கடல் வெதுவெதுப்பும் உப்பும் கொண்டது. அதனால் மெரினாவுக்கு வெளியே கோடையில் 1,540 மீட்டர் வரை போகும்.

வேகம் இருக்கட்டும். போகும் வழி நேராக இருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. இதற்கு ஒரே ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும். சத்தம் எப்போதும் தன் வேகம் குறைகிற பக்கமாக வளையும். ஆயாவின் கடல் இரைச்சலுக்கும் விளக்கம் அதுவே. பகலில் தரை கொதிக்கிறது. தரையை ஒட்டிய காற்று சூடு, மேல்காற்று குளிர்ச்சி. சத்தம் மேலே வளைந்து நம் தலைக்கு மேல் போய்விடும். இரவில் தரை முதலில் குளிர்கிறது. கீழே குளிர்ச்சி, மேலே வெதுவெதுப்பு. மேலே போக வேண்டிய சத்தம் கீழே வளைந்து மொட்டைமாடியில் இறங்குகிறது. அதோடு வாடைக்காற்றும் கடலிலிருந்து வீசினால் கேட்கவே வேண்டாம்.

கடலுக்குள் இந்த விதி 1930களில் அமெரிக்கக் கடற்படையைப் படாதபாடு படுத்தியது. கியூபாவின் குவாண்டனாமோ விரிகுடாவில், எதிரொலியால் நீர்மூழ்கியைத் தேடும் சோனார் கருவியைச் சோதித்தார்கள். காலையில் நீர்மூழ்கியின் எதிரொலி தெளிவாக வரும். மதியத்துக்கு மேல் மங்கிவிடும். கருவியில் குறை இல்லை. உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்பதுபோல, சாப்பிட்டுவிட்டுக் காது கேட்கிறவன் தூங்குகிறான் என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்து ஆய்வாளர்கள் வந்து தண்ணீரின் வெப்பத்தை அடுக்கடுக்காக அளந்த பிறகுதான் புரிந்தது. வெயில் ஏற ஏற மேல்தண்ணீர் சூடாகிறது, கீழே குளிர்ச்சி. சத்தம் கீழ்ப்பக்கம் வளைந்து நீர்மூழ்கிக்கு அடியில் புகுந்து போய்விடுகிறது. தூங்கியதாகச் சந்தேகப்பட்ட சிப்பாய்கள் மேல் தப்பே இல்லை.

ஆழ்கடலில் கீழே வளைந்த சத்தத்துக்கு இறங்கிப்போக இடம் இருக்கிறது. கரையோரத்தில் இல்லை. இனிமேல்தான் நண்பரின் கேள்விக்கு அருகில் வருகிறோம்.

நம் கடற்கரை மீனவர்கள் ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். சுமார் 6 அடி. எம்டன் நின்ற இடம் பத்துப் பாகத்துக்கு முன்னே பின்னே இருக்கும், அதாவது 18 மீட்டர். அங்கே சத்தம் போகும் வழியை எங்கள் சந்தோடு ஒப்பிடலாம். ஒரு பக்கச் சுவர் கடல் மட்டம். மறுபக்கச் சுவர் கடலடி. மேல் சுவர் கண்ணாடி மாதிரி. தண்ணீருக்குள்ளிருந்து வரும் சத்தத்தை அப்படியே திருப்பி அனுப்பிவிடும், ஆயிரத்தில் ஒரு பங்குதான் காற்றுக்கு வரும். கீழ்ச்சுவர் இடத்துக்கு இடம் மாறும். சேறாக இருந்தால் சத்தத்தை விழுங்கும். கெட்டி மணலாக இருந்தால் திருப்பும். பாறைப் பாராக இருந்தால் நாலாபுறமும் சிதறடிக்கும். வலை எங்கே கிழியும், இறால் எங்கே கிடைக்கும் என்பதற்காக இந்த மூன்றையும் மீனவர் பிரித்து வைத்திருக்கிறார். பழைய பிரிட்டிஷ் கப்பல்களில் ஆழம் பார்க்கும் ஈயக்குண்டின் அடியில் கொழுப்பு தடவி இறக்குவார்கள். எது ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பார்த்து எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வார்கள். சத்தத்தை ஆராய்கிறவர்களுக்கும் அதே தகவல்தான் தேவைப்படுகிறது. பத்துப் பாகத்தில் சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தண்ணீரைவிடத் தரை தீர்மானிக்கிறது.

சந்து என்றால் இன்னொரு சங்கடமும் உண்டு. எங்கள் சந்துக்குள் ஆட்டோ வரும், பஸ் வராது. ஒலியும் அப்படித்தான். விநாடிக்குப் பத்து முறை அதிரும் ஆழ்ந்த முழக்கத்தின் ஓர் அலை தண்ணீரில் 150 மீட்டர் நீளம். 18 மீட்டர் உயரமே உள்ள வழிக்குள் அது எப்படி நுழையும்? மணல் தரையுள்ள பத்துப் பாகத் தண்ணீரில் ஏறக்குறைய 40 ஹெர்ட்ஸுக்குக் (விநாடிக்கு 40 அதிர்வுக்கு) கீழ்ப்பட்ட ஒலி நெடுந்தூரம் போக முடியாது. தரைக்குள் கசிந்து காணாமல் போகும். ஆழ்கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடுவதும் இதே தாழ்ந்த ஒலிதான். கரைக்கு வந்ததும் அதற்கு வழி அடைபட்டுவிடுகிறது.

இதைக் கணக்காக எழுதிக் காட்டியவர் ஹைம் பெக்கெரிஸ். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கரையோரம் ஆழமில்லாத தண்ணீரில் வெடி வைத்துப் பதிவு செய்திருந்தார்கள். வெடி ஒரு கணம். தூரத்தில் வந்து சேர்ந்ததோ நீண்டு இழுபட்ட ஓலம். முதலில் தரைக்கடியில் ஓடிய முழக்கம், பிறகு தண்ணீர் வழியே வந்த கீச்சொலி, கடைசியில் இரண்டும் கலந்த ஒரு வால். ஒரே வெடி ஏன் இப்படிப் பிரிந்து வருகிறது என்பதை அவர் 1948இல் வெளியிட்ட கட்டுரை விளக்கியது. நீரொலி படிக்கிறவர்கள் இன்றும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

இப்போது எம்டனுக்கு வரலாம். அது பழைய மாதிரிக் கப்பல். அதன் உடன்பிறப்புக் கப்பலில் டர்பைன் வைத்துவிட்டார்கள். எம்டனுக்கு இன்னும் பிஸ்டன் ஏறி இறங்கும் நீராவி எஞ்சின். அடியில் சுழல்விசிறி நிதானமாகச் சுற்றும். எஞ்சினின் இடியும் விசிறியின் துடிப்பும் மிகத் தாழ்ந்த ஒலி, பஸ் ரகம். நம் சந்துக்குள் நுழையாது. ஆனால் விசிறியின் விளிம்பில் தண்ணீர் கிழிந்து குமிழியிட்டு உடையும்போது ஒரு சீறல் எழும். அது உயர்ந்த ஒலி. சந்துக்குள் தாராளமாக வரும். விசிறி சுற்றும் தாளத்தில் அந்தச் சீறல் ஏறி இறங்கும். பழகிய காது அதைக் கேட்டே எஞ்சின் எவ்வளவு வேகம் என்று சொல்லிவிடும். ஆக, துறைமுகத்துக்கு வெளியே தண்ணீருக்குள் ஒரு காது இருந்திருந்தால், ஓரளவு தூரத்திலேயே எம்டன் பிடிபட்டிருக்கலாம்.

அந்தக் காது உலகத்திலேயே அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. டைட்டானிக் 1912இல் மூழ்கிய பிறகு பனிப்பாறையைச் சத்தத்தால் கண்டுபிடிக்க முடியுமா என்று பலர் முயன்றார்கள். 1914 ஏப்ரலில், அதாவது எம்டன் இங்கே வருவதற்கு ஐந்து மாதம் முன்பு, ஃபெசன்டன் என்பவர் அட்லாண்டிக்கில் ஒரு கப்பலிலிருந்து தண்ணீருக்குள் ஒலி எழுப்பி, இரண்டு மைல் தூரப் பனிப்பாறையின் எதிரொலியைக் கேட்டார். கடலடியிலிருந்து வந்த எதிரொலியையும் கேட்டார். சென்னையிலோ காவலுக்கு இருந்தது வெளிச்சம் ஒன்றுதான். உயர்நீதிமன்றக் கோபுரத்து உச்சியிலிருந்த கலங்கரை விளக்கம் அன்றைக்கும் வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தது. நண்பனுக்கும் பகைவனுக்கும் ஒரே மாதிரி வழி காட்டியது. கப்பலின் தலைவர் கார்ல் ஃபோன் முல்லருக்கு அதைவிட என்ன வேண்டும்?

சுட்ட பிறகு ஊருக்கே கேட்டது. ராயப்பேட்டைக்கு இருபது விநாடி போல ஆகியிருக்கும். தண்ணீருக்குள் இருந்த மீனுக்கு அவ்வளவாகக் கேட்டிருக்காது. காற்றில் வெடித்த பீரங்கிச் சத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் கடலுக்குள் இறங்கும். கடல் மட்டம் என்ற இந்தக் கதவு இரண்டு பக்கமும் சாத்தியது. கடல் மேலே நடக்கும் போர் கீழே தெரியாது. கீழே நடக்கும் கச்சேரி மேலே கேட்காது. "எம்டன்டா அவன்" என்று சாமர்த்தியசாலியைச் சொல்கிறோமே, அந்தப் பெயர் கிடைத்ததில் பாதி இந்தக் கதவுக்குச் சேர வேண்டியது.

கச்சேரி என்று சும்மா சொல்லவில்லை. மட்டக்களப்பைத் தமிழர்கள் மீன் பாடும் தேன்நாடு என்பார்கள். நிலா வெளிச்சமான இரவுகளில் கல்லடிப் பாலத்தருகே தோணியில் போய், துடுப்பைத் தண்ணீரில் இறக்கி அதன் நுனியைக் காதில் வைத்தால், யாழ் நரம்பைத் தொட்டுவிட்டதுபோல ஓர் ஒலி. இலங்கை அரசில் பெரிய பதவியில் இருந்த எமர்சன் டெனன்ட் 1848இல் அங்கே போய்க் கேட்டுவிட்டு, தன் நூலில் பக்கம் பக்கமாக எழுதினார். ஊரார் அவரிடம் சிப்பியைக் காட்டி அதுதான் பாடுகிறது என்றார்கள். 1950களில் யேசு சபைப் பாதிரியார் ஒருவர் நீரொலிவாங்கி இறக்கிப் பதிவும் செய்தார். பாடுவது மீனா, சிப்பியா என்ற சண்டை இருக்கட்டும். என்னைக் கவர்ந்தது துடுப்பு. தண்ணீர்ச் சத்தம் காற்றுக்குள் வராது. ஆனால் மரத்துக்குள் ஏறும். மரம் காதெலும்பைத் தொட்டால் கதவு திறந்துவிடுகிறது. கொலடோன் ஏரிக்குக் குழாய் கொண்டுபோனார். மட்டக்களப்புத் தோணிக்காரர் கையில் ஏற்கெனவே இருந்ததைத் திருப்பிப் பிடித்தார்.

மீன் சத்தமிடும் என்பதில் மெரினா லூப் ரோட்டில் மீன் வாங்குகிறவர்களுக்குச் சந்தேகம் இருக்காது. உயிரோடு பிடித்த கெளுத்தியைக் கையில் எடுத்தால் கிர்கிர் என்று கத்தும். கத்தாளை இன்னும் பெரிய பாடகர். அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பைக்கு நெட்டி என்று பெயர். பெரிய கூரல் கத்தாளையின் நெட்டி மீனைவிட விலை போகும், வெளிநாட்டுக்கு ஏற்றுமதி. அந்த நெட்டியை ஒட்டிய தசைகள் மத்தளம் கொட்டுவதுபோல அதிர்ந்து ஒலி எழுப்புகின்றன. லூப் ரோட்டில் ஒரு முறை மீன்கார அம்மாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். "பேசினா என்ன, பேசாட்டி என்ன சார். கிலோ எவ்ளோன்னு அது சொல்லப்போவுதா?" என்று கேட்டு எடையைப் போட்டார்.

ஆனால் நம் கரையோரத் தண்ணீரில் அதிக இரைச்சல் போடுவது மீன் அல்ல. ஒரு விரல் நீளம்கூட இல்லாத இறால். ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் பெருத்திருக்கும். அதைச் சொடுக்கினால் தண்ணீர் ஊசிபோலப் பீய்ச்சும். பின்னால் ஒரு குமிழி உண்டாகி உடையும். சத்தம் கொடுக்கு மோதுவதால் வருகிறது என்றுதான் வெகுநாள் நினைத்தார்கள். உடைவது குமிழி என்று அதிவேகக் கேமரா வைத்துப் பார்த்து 2000இல்தான் உறுதியாயிற்று. ஒன்றின் சத்தம் சொடக்கு. ஆயிரக்கணக்கில் பாறையிடுக்கிலும் தூண் அடியிலும் இருந்துகொண்டு சொடுக்கினால், வாணலியில் கடுகு வெடிப்பதுபோல இரவு பகலாக ஓயாத படபடப்பு. இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கி தேடியவர்கள் இந்தச் சத்தத்தைக் கேட்டு முதலில் குழம்பினார்கள். வெப்பநாட்டு ஆழமற்ற கடல் எங்கும் இது உண்டு. எம்டனின் சீறல் வரும் அதே உயர்ந்த ஒலிப் பகுதியில்தான் இறாலும் சொடுக்குகிறது. தாழ்ந்த ஒலிக்குச் சந்து அடைப்பு. உயர்ந்த ஒலிக்கு இறால் கூச்சல். 1914இல் சென்னைக்கு ஒரு காது இருந்திருந்தாலும் அதற்கு வேலை லேசாக இருந்திருக்காது.

இப்போது சென்னைக்கு அந்தக் காது இருக்கிறது. 1993இல் தொடங்கிய தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் பள்ளிக்கரணையில், வேளச்சேரி–தாம்பரம் சாலையில் இருக்கிறது. ஒலிக்கருவிகளைச் சோதிக்க அங்கே பெரிய தண்ணீர்த் தொட்டியே கட்டியிருக்கிறார்கள். கடலில் மிதவை கட்டி, அதற்குக் கீழே நீரொலிவாங்கிகளை மேலிருந்து கீழாக வரிசையாகத் தொங்கவிட்டு, ஆள் இல்லாமலே மாதக்கணக்கில் பதிவு செய்கிறார்கள். சென்னைக்கு வெளியே ஆழமில்லாத கடலிலும் இப்படிப் பதிவு நடந்திருக்கிறது. 2014இல் ஆர்க்டிக் பகுதியில் கோங்ஸ்ஃபியோர்டன் என்ற கடல் கழியில் இறக்கிய இந்திய மிதவையிலும் ஒரு நீரொலிவாங்கி போனது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துப் பக்கத்திலிருந்து போய்ப் பனிக்கட்டி உடைவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26 காலை மெரினாவில் நடந்ததை மறக்க முடியாது. அதற்குப் பிறகு வங்கக் கடலில் நிறுத்திய சுனாமி மிதவைகளுக்கும் ஒலிதான் தூது. கடலடியில் அழுத்தம் அளக்கும் கருவி, மேலே மிதவை. நடுவில் கம்பி கிடையாது, ஒலி மட்டும். மேலே வந்த செய்தி செயற்கைக்கோள் வழியே ஹைதராபாத்துக்குப் போகும். கிலோமீட்டர் கணக்கான ஆழத்திலிருந்து நேர் மேலே பேசுவது பெரிய சாதனை என்று தோன்றும். உள்ளே இருப்பவர்களைக் கேட்டால் பத்துப் பாகத் தண்ணீரில் சில கிலோமீட்டர் பக்கவாட்டில் பேசுவதுதான் தலைவலி என்பார்கள். மேலும் கீழும் மோதி மோதி ஒரே சொல் பத்துத் தடவை, பத்து வெவ்வேறு நேரத்தில் வந்து சேரும்; முந்திய சொல்லின் எதிரொலி அடுத்த சொல்லின் மேல் ஏறிக்கொள்ளும். கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்துப் பேசுகிறவருக்குத் தெரியும் அந்த வேதனை.

கோல்டிங்ஹாமின் மாதக் கணக்கு இங்கேதான் மறுபடி வருகிறது. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று நம் கரைக்கு இணையாக வீசி மேல்தண்ணீரை வெளியே தள்ளும். அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் கரைப்பக்கம் ஏறும். மேலே சூடு, கீழே குளிர்ச்சி. சத்தம் கீழே வளைந்து திரும்பத் திரும்பத் தரையில் மோதும். சேற்றுத் தரையாக இருந்தால் சீக்கிரம் செத்துப்போகும். ஐப்பசிக்கு மேல் நீரோட்டம் திசை திரும்புகிறது. வடக்கே கங்கையும் கோதாவரியும் கிருஷ்ணாவும் கொட்டிய நன்னீர், உப்பு குறைந்து, குளிர்ந்து, கரையோரமாகத் தெற்கே வருகிறது. நன்னீர் லேசானது; மேலே மிதக்கும். வாடை அதை இன்னும் குளிர்விக்கும். அப்போது மேலே குளிர்ச்சி, கீழே வெதுவெதுப்பு என்று கடல் தலைகீழாகிவிடுவது உண்டு. சத்தம் மேலே வளைகிறது. தரையைத் தொடாமல் கடல் மட்டத்தை ஒட்டியே தாவித் தாவி நெடுந்தூரம் போகிறது. ஆடியில் சேற்றில் செத்த அதே சத்தம் மார்கழியில் பிழைத்துக்கொள்கிறது.

எம்டன் வந்தது புரட்டாசி முதல் வாரம். இரண்டு பருவத்துக்கும் நடுவில். நண்பரிடம் இதைச் சொன்னபோது, "அப்ப ரெண்டு மாசம் கழிச்சு வந்திருந்தா மாட்டியிருப்பானா?" என்றார். இரண்டு மாதம் கழித்து அது வந்திருக்க முடியாது. நவம்பர் 9ஆம் தேதியே கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் அடிபட்டுத் தரைதட்டிவிட்டது.

கார்த்திகை மழை கடல்மேல் பெய்வதையும் பள்ளிக்கரணைக் காதுகளால் கேட்க முடியும். தூறலுக்கென்று தனிச் சத்தம் உண்டு. சின்னத்துளி விழுந்த இடத்தில் ஒரு நுண்குமிழி சிக்கி, 15 கிலோஹெர்ட்ஸ் அளவில் கூவும். அதனால் தூறலையும் கொட்டும் மழையையும் தண்ணீருக்குள்ளிருந்தே பிரித்துச் சொல்லிவிடலாம். மழை எவ்வளவு பெய்கிறதென்று கரைக்கு வராமலே கடலடியிலிருந்து அளக்கலாம் என்பது இந்தத் துறைக்காரர்களின் நெடுநாள் யோசனை. ஆயா மொட்டைமாடியில் துணி எடுக்கும் நேரத்தில், இரண்டு கிலோமீட்டர் கிழக்கே அந்தத் தூறல் கடலில் விழுந்து கூவிக்கொண்டிருந்திருக்கும். அதற்குக் கீழே இறால்கள் சொடுக்குவதை நிறுத்தியிருக்காது.

(தொடரும்)